ஒரு டம்ளர் என்றால் எவ்வளவு? நான்காம் நிலை சிறுநீரக நோயும் பாலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பால் குடித்துக்கொண்டிருந்தபோது நான்காம் நிலைச் சிறுநீரக நோயாளி ஒருவரின் இரத்தப் பொட்டாசியம் 5.4. பாலை ஒரேயடியாக நிறுத்திய ஏழாவது வாரத்தில் அது 6.1. இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததற்கு இந்த இரண்டு எண்கள்தான் காரணம். பாலை நிறுத்தினால் பொட்டாசியம் இறங்க வேண்டும். இவருக்கு ஏறியது. ஏன் ஏறியது என்று தேடிப்போனபோது கிடைத்தவற்றை, சிறுநீரக நோயாளிகளும் அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களும் படிக்க வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன். அவரிடமும் குடும்பத்திடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

வயது 61. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் நிலம், நான்கு கறவை மாடுகள். காலையும் மாலையும் தானே கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறவர். 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், 9 ஆண்டுகளாக இரத்த அழுத்தம். காலை, இரவு இரண்டு வேளையும் கலவை இன்சுலின். இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் குறைக்கவும் டெல்மிசார்டன் 40 மி.கி.

உணவு ஆலோசனைக்காக என்னிடம் வருவதற்கு ஏழு வாரம் முன்பு எடுத்த பரிசோதனையில் கிரியாட்டினின் 2.6. அதிலிருந்து கணக்கிட்ட வடிகட்டும் வேகம், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., 27. பதினைந்திலிருந்து இருபத்தொன்பதுக்குள் இருந்தால் நான்காம் நிலை. யூரியா 78, பொட்டாசியம் 5.4, பாஸ்பரஸ் 5.2, இரத்தத்தில் அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் 19, ஹீமோகுளோபின் 10.2, இரத்தத்தில் உள்ள புரதமான ஆல்புமின் 3.8. எடை 58 கிலோ. கணுக்காலில் லேசான வீக்கம்.

அப்போது அவர் காட்டிய இடத்தில் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்திருக்கிறார்கள். சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்தார். மடிப்பு இருந்த இடத்தில் எழுத்தே அழிந்திருந்தது. இடது பக்கம் ‘சாப்பிடலாம்’, வலது பக்கம் ‘தவிர்க்கவும்’. வலது பக்கத்தின் முதல் வரி: பால், தயிர், மோர், பனீர். அடுத்து பருப்பு வகை, கீரை, பழம், கிழங்கு, கொட்டைகள். அளவு என்று எங்கும் ஒரு சொல் இல்லை. அந்த நோயின் எந்த நிலைக்கு, எத்தனை கிலோ எடையுள்ள ஆளுக்கு என்றும் இல்லை.

அவர் அந்தத் தாளை அப்படியே மதித்தார். கிராமத்து மனிதர்கள் பத்தியம் என்றால் பத்தியமாகவே இருப்பார்கள். அந்த ஒழுங்கின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனால்தான் அவர்கள் கையில் நாம் கொடுக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

ஏழு வாரம் கழித்து

வந்தபோது எடை 54.5. வீக்கம் வடிந்ததில் ஒரு கிலோ போயிருக்கலாம். மீதி தசை. நெற்றிப் பொட்டின் இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலேயே தெரிந்தது. “ஏனுங்க அம்மிணி, மூணு மணிக்கு முழிப்புத் தட்டுதுங்க. மேலெல்லாம் வேர்த்து, கையி நடுங்குதுங்க. ரெண்டு வாய் சக்கரைத் தண்ணி குடிச்சாத்தான் அடங்குதுங்க” என்றார். ஒரு நாள் அந்த நேரத்தில் மகன் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 58.

புதிய பரிசோதனையில் கிரியாட்டினின் 2.4, யூரியா 52, பாஸ்பரஸ் 4.6, பைகார்பனேட் 17, ஆல்புமின் 3.3, பொட்டாசியம் 6.1.

மகன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. கிரியாட்டினின் இறங்கியிருக்கிறது, இ.ஜி.எஃப்.ஆர். 27-இலிருந்து 30 ஆகியிருக்கிறது, பாலை நிறுத்தியது வேலை செய்திருக்கிறது என்று அவர் நினைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, தாளில் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை கரைந்தால் கிரியாட்டினினும் குறையும். சிறுநீரகம் கொஞ்சம்கூடத் தேறாமலேயே எண் அழகாகிவிடும். எடையும் ஆல்புமினும் சேர்ந்து சரியும்போது இறங்குகிற கிரியாட்டினினைக் கண்டு யாரும் சந்தோஷப்படக் கூடாது. இதை மகனுக்குப் புரியவைக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடம் அந்த நாளில் நான் செய்த உருப்படியான வேலைகளில் ஒன்று.

சிறுநீரக மருத்துவர் அன்றே இ.சி.ஜி. எடுத்தார். மாற்றம் எதுவும் இல்லை. குடலில் பொட்டாசியத்தைப் பிடித்து வெளியேற்றும் தூளைச் சில நாட்களுக்குக் கொடுத்து, பைகார்பனேட் மாத்திரை தொடங்கி, டெல்மிசார்டனை மட்டும் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார். இரவு இன்சுலின் அளவு குறைக்கப்பட்டது. எங்கிருந்து வந்தது இந்தப் பொட்டாசியம் என்று கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்தது.

பாலுக்குப் பதிலாக வந்தவை

முதலில் உப்பைக் கேட்டேன். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் சோடியத்துக்குப் பதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடுதான் இருக்கும். இரத்த அழுத்தம் உள்ள வீடுகளில் நல்ல எண்ணத்தில் அதை வாங்கி வைத்திருப்பார்கள். சிறுநீரக நோயாளிக்கு அது ஆபத்து. இவர்கள் வீட்டில் சாதாரண உப்புதான். மூட்டு வலிக்கு மாத்திரை வாங்கிப் போட்டாரா என்று கேட்டேன். இல்லை. நாட்டு மருந்து, கஷாயம் எதுவும் இல்லை.

அப்புறம் விடியலிலிருந்து படுக்கும் வரை ஒவ்வொரு வாயையும் கேட்டேன். அவர் மனைவிதான் சொன்னார்: “பாலு வேண்டாம்னுட்டாங்க. வெறும் வயித்தோட காட்டுக்குப் போறாரேன்னு தேங்காப்பால் புழிஞ்சு, நாட்டுச் சக்கரை போட்டுக் குடுக்கறங்க. அது மாட்டுப் பாலு இல்லைங்களே, மரத்துல காய்ச்சதுதானுங்களே.” அரை மூடி தேங்காய், இரண்டு கரண்டி நாட்டுச் சர்க்கரை. பதினொரு மணிக்கு ஓர் இளநீர். மாலை காபிக்குப் பதில் இன்னோர் இளநீர். ‘கிட்னிக்கு இளநீர் நல்லது’ என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னாராம்.

கணக்குப் போட்டோம். இளநீரில் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 200 முதல் 250 மி.கி. பொட்டாசியம். ஒரு காயில் 300 மி.லி. என்றால் இரண்டு காயில் 1,200-க்குக் குறையாது. தேங்காய்ப்பாலில் ஒரு 300. நாட்டுச் சர்க்கரையில் ஒரு 200. வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத பொட்டாசியம் வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் நிறைய உண்டு. ஆக மொத்தம் 1,700 மி.கி.க்கு மேல். அவர் முன்பு குடித்த பால் முழுவதிலும் இருந்தது 1,300 சொச்சம்தான்.

அதோடு நின்றுவிடவில்லை. பருப்பும் கீரையும் பழமும் போனதில் மலச்சிக்கல். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியத்தின் ஒரு பங்கு பெருங்குடல் வழியாகத்தான் வெளியேறுகிறது. மூன்று நாளுக்கு ஒரு முறை வயிறு போனால் அந்த வாசலும் அடைபடும். இரத்தத்தில் அமிலம் கூடும்போது செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வரும். தசை கரையும்போதும் அப்படியே. டெல்மிசார்டன் வேறு பொட்டாசியத்தை உள்ளேயே தக்கவைக்கும் மருந்து. இத்தனையும் ஒரே சமயத்தில் சேர்ந்துகொண்டன.

விடிகாலை வேர்வைக்கும் பாலோடு தொடர்பு இருந்தது. சிறுநீரகம் தளரத் தளர இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். இவர் பல ஆண்டுகளாக இரவு ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுப் படுப்பவர். இன்சுலின் அளவு அந்தப் பாலையும் சேர்த்து அமைந்தது. பால் நின்றது, இன்சுலின் மட்டும் அப்படியே இருந்தது. பாலை நிறுத்தச் சொன்னவர்கள் இன்சுலினைப் பற்றிக் கேட்கவில்லை. இந்த நிகழ்வில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான். மூன்று மணி வேர்வையில் விழித்துக்கொண்டார். விழிக்காமலும் போயிருக்கலாம்.

பேர் வெட்டிய டம்ளர்

இனி முன்கதை. ஏழு வாரத்துக்கு முன் அவர் எவ்வளவு பால் குடித்தார்? பழைய குறிப்பில் ‘பால் 2 டம்ளர், காபி 2 முறை, தயிர்’ என்று இருந்தது. அதைப் பார்த்தால் யாரும் ஐந்நூறு, அறுநூறு மி.லி. என்றுதான் நினைப்பார்கள். நான் அந்த அம்மாவிடம், அடுத்த முறை வரும்போது வீட்டு டம்ளரைக் கையோடு கொண்டுவாருங்கள் என்றேன்.

எட்டாம் நாள் ஒரு மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். கனமான எவர்சில்வர் டம்ளர். வாய் விரிந்து, அடி கொஞ்சம் குறுகி, பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக இரண்டு எழுத்தும் ஓர் ஊர்ப் பெயரும் வெட்டியிருந்தது. அவர் கல்யாணத்துக்கு மாமன் வீட்டில் வைத்த சீராம். நாற்பது வருடப் புழக்கத்தில் எழுத்து தேய்ந்து விரலுக்கு மட்டும் தட்டுப்பட்டது. எப்போதும் ஊற்றுகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிறுத்தினார். அளவுக் குவளையில் கவிழ்த்தேன். 280 மி.லி.

அவர் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். “ரெண்டு டம்ளர்னா அரை லிட்டருக்கு மேலயாங்க?”

காலையில் கறந்ததும் காய்ச்சி 280. காபி இரண்டு முறை, ஒவ்வொன்றிலும் பால் மட்டும் 100. மதியம் கெட்டித் தயிர் 150. இரவு 280. மொத்தம் 910 மி.லி. பசும்பால் 100 மி.லி.யில் சுமார் 3.2 கிராம் புரதமும், 90 முதல் 95 மி.கி. பாஸ்பரஸும், 145 மி.கி. பொட்டாசியமும், 120 மி.கி. கால்சியமும் இருக்கும் என்று வைத்தால், பாலிலிருந்து மட்டும் புரதம் 29 கிராம், பாஸ்பரஸ் 850, பொட்டாசியம் 1,300, கால்சியம் 1,100 மி.கி. அவர்கள் வீட்டில் கலப்பின ஜெர்சி. எருமையாக இருந்திருந்தால் புரதம், கால்சியம், பாஸ்பரஸ் மூன்றும் இன்னும் கூடியிருக்கும்.

58 கிலோ எடைக்கு, சர்க்கரை நோயோடு சிறுநீரக நோயும் உள்ள, டயாலிசிஸ் தொடங்காத ஒருவருக்குக் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் புரதம் என்று அமெரிக்கச் சிறுநீரக அமைப்பின் 2020 வழிகாட்டி சொல்கிறது. கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற உலக அமைப்பின் 2024 வழிகாட்டி 0.8 கிராம் என்கிறது. அதாவது இவருக்கு நாளைக்கு 35-இலிருந்து 46 கிராம். சோறு, பருப்பு, கடலைச் சட்னி எல்லாம் சேர்த்தால் அவர் சாப்பிட்டது 68 கிராம் பக்கம். பாலைக் குறைத்திருக்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஜெராக்ஸ் தாள் பாலைக் கைகாட்டியது சரி. 910-ஐ எவ்வளவாக்குவது என்று சொல்லாமல் பூஜ்யமாக்கியதுதான் பிழை. பூஜ்யமானபோது புரதம் கிலோவுக்கு 0.5 கிராமுக்கு இறங்கியது. அதுவும் பசியில்லாமல், வயிறு நிறையாமல்.

பாலில் எது சிக்கல்

நாளுக்கு நாலு பேர் என்னிடம் கேட்கும் கேள்வி, ‘ஆடை எடுத்த பால் குடிக்கலாமா?’ என்பது. இதயத்துக்கு அது நல்லதாக இருக்கலாம். சிறுநீரகத்தின் கணக்கில் ஒன்றும் மாறாது. கொழுப்பில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் கிடையாது. அவை கொழுப்பு அல்லாத திடப்பொருளில் இருக்கின்றன. நம் ஊரில் சமன்படுத்திய பாலுக்கு, அதாவது நீலப் பாக்கெட்டுக்கு, 3 சதவீதம் கொழுப்பு, 8.5 சதவீதம் கொழுப்பு அல்லாத திடம் என்பது சட்டம் வைத்த அளவு. இருமுறை சமன்படுத்தியதில் கொழுப்பு 1.5-ஆகக் குறைகிறது, ஆனால் திடம் 9. கொழுப்பைக் குறைக்கப் போய் நமக்கு வேண்டாததைக் கொஞ்சம் கூட்டித்தான் வாங்குகிறோம்.

தண்ணீர் கலந்தால்? பாலின் அளவைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றினால் பலன் உண்டு. அதே 200 மி.லி. பாலில் 100 தண்ணீர் ஊற்றி 300 ஆகக் குடித்தால் பாலில் இருந்த எல்லாமும் உள்ளேதான் போகும், குடிநீர்க் கணக்கும் ஏறும். நன்றாகக் காய்ச்சினால் போய்விடும் என்பதும் தவறு. தண்ணீர்தான் ஆவியாகும், தாது எங்கும் போகாது. பால்கோவாவும் திரட்டுப்பாலும் இப்படிச் சுண்டிய பால்தான். பனீர் கொஞ்சம் வேறு மாதிரி. திரிந்த நீரோடு பொட்டாசியத்தில் பெரும்பகுதி போய்விடும், ஆனால் புரதமும் பாஸ்பரஸும் கட்டியில் செறிந்து நிற்கும்.

பாஸ்பரஸ் ஏன் இவ்வளவு பேச்சாகிறது என்றால், ஆரம்ப நிலைகளில் இரத்தத்தில் அது கூடியதாகவே தெரியாது. எலும்பிலிருந்து சுரக்கும் எஃப்.ஜி.எஃப்.-23 என்ற ஹார்மோனும் பாராதைராய்டு ஹார்மோனும் மெல்ல மெல்ல ஏறி, மிச்சமிருக்கும் சிறுநீரகத் திசுவை விரட்டி வேலை வாங்கிப் பாஸ்பரஸைத் தள்ளிக்கொண்டிருக்கும். நான்காம் நிலைக்கு வரும்போது அதுவும் முடியாமல் போகும். பிறகுதான் எலும்பு அரிப்பதும் இரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிவதும் வேகமெடுக்கும். முன்பு வந்த வழிகாட்டிகள் நாளைக்கு 800 முதல் 1,000 மி.கி. பாஸ்பரஸ் என்று ஓர் எண்ணைச் சொல்லின. 2020-இல் வந்த திருத்தம் அந்த எண்ணை விட்டுவிட்டது. இரத்த அளவைப் பார்த்து, எந்த உணவிலிருந்து வருகிறது என்பதையும் பார்த்துச் சரிசெய்யச் சொல்கிறது.

எதிலிருந்து என்பது முக்கியம். பருப்பிலும் தானியத்திலும் உள்ள பாஸ்பரஸ் ஃபைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடப்பதால் பாதிகூட உடம்பில் சேராது. பாலில் உள்ளது அதைவிட நன்றாகச் சேரும். பாக்கெட் உணவில் சேர்க்கும் பாஸ்பேட் உப்போ ஏறக்குறைய முழுதும் சேர்ந்துவிடும். ஆகவே பாலை நிறுத்திவிட்டுப் பாக்கெட்டில் வரும் பாதாம் பாலையும் சோயா பாலையும் வாங்குகிறவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கால்சியம் சேர்க்க ட்ரைகால்சியம் பாஸ்பேட் போட்டிருக்கலாம். பெயராக இல்லாமல், உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான குறியீட்டில் ஐ.என்.எஸ். 341 என்று எண்ணாகவும் இருக்கும். 338-இலிருந்து 341 வரை, அப்புறம் 450, 451, 452 எல்லாம் பாஸ்பேட் குடும்பம்தான். பாலில் கலக்கும் சத்துப் பொடிகளுக்கும் இதே எச்சரிக்கை.

முட்டையின் வெள்ளைக்கரு இதற்கு நேரெதிர். இரண்டு முட்டை வெள்ளையில் 7 கிராம் புரதம், பாஸ்பரஸ் வெறும் 10 மி.கி. அளவுதான். அதே 7 கிராமைப் பாலில் எடுக்க 220 மி.லி. குடிக்க வேண்டும், 200 மி.கி. பாஸ்பரஸ் கூடவே வரும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1915-இல் சிகாகோவில் பெர்ட்ராம் சிப்பி என்ற மருத்துவர் வயிற்றுப் புண்ணுக்கு ஒரு வைத்தியம் கொண்டுவந்தார்: மணிக்கொரு தரம் பாலும் பாலாடையும், இடையிடையே சோடா உப்பு போன்ற காரப் பொடிகள். புண் ஆறியது. ஆனால் சிலருக்கு இரத்தத்தில் கால்சியம் ஏறி, காரம் மிகுந்து, சிறுநீரகமே பழுதானது. 1920களிலேயே இது தெரிந்துவிட்டது. நம்முடைய நோயாளிகளில் பலர் சோடியம் பைகார்பனேட் மாத்திரை எடுக்கிறார்கள். பாஸ்பரஸைப் பிடிக்கக் கால்சியம் கார்பனேட் எடுக்கிறார்கள். வைட்டமின் டி தூளை வாரம் ஒரு பொட்டலம், அதுவும் பாலில் கலந்து குடிக்கிறார்கள். இவற்றோடு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பாலும் சேர்ந்தால் நூறு வருடத்துக்கு முந்தைய அதே கூட்டுதான். இவருக்குப் பைகார்பனேட் தொடங்கியபோது பாலின் அளவையும் அதே நாளில் கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாங்கள் வகுத்த அளவு

“அம்மிணி, நாலு மாடு நிக்குது. கறந்து ஊத்தறது நானு. வூட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் குடுக்கறன். நான் ஒரு வாய் குடிக்கக் கூடாதுன்னா மனசு ஒப்பலைங்க.” இதை அவர் முறையிடுவது போலச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். குடிக்கலாம் ஐயா, அளந்து குடிக்கலாம் என்றேன்.

நாளைக்கு மொத்தம் 250 மி.லி. காலைக் காபியில் 75 பால், 75 தண்ணீர், டிகாக்‌ஷன் தனி. மதியம் 75 மி.லி. தயிரைக் கடைந்து, தண்ணீர் விட்டு உப்பில்லாத மோர். இரவு 100 மி.லி. பால், கூடவே ஓர் இட்லி. 100 மி.லி. பாலில் ஐந்து கிராம்கூட மாவுச்சத்து இல்லை, விடியும் வரை அது மட்டும் தாங்காது. இந்த 250-இல் புரதம் 8 கிராம், பாஸ்பரஸ் 230, பொட்டாசியம் 360 மி.கி. அவர் உணவில் இது அடங்குகிறது. இவருக்கு என்பதை அழுத்திச் சொல்கிறேன். 75 கிலோ எடையும் இயல்பான பொட்டாசியமும் உள்ள மூன்றாம் நிலைக்காரருக்கு இதைவிடக் கூட்டியும் கொடுத்திருக்கிறேன்.

மற்ற உணவுக்கு வந்தால், இரண்டு முட்டை வெள்ளை, 20 கிராம் துவரம்பருப்பு, கஞ்சி வடித்த சோறு, நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து வடித்த காய். இளநீர், தேங்காய்ப்பால், நாட்டுச் சர்க்கரை அன்றோடு நின்றன. சட்னிக்குத் தேங்காய் ஒரு கரண்டி. பழத்தில் ஆப்பிளோ கொய்யாவோ அரை, வாரத்தில் நான்கு நாள். மலச்சிக்கல் அதில் பாதி சரியானது, மீதிக்கு மருந்து.

புரட்டாசி வந்தது. அந்த மாதம் வீட்டில் முட்டை ஏறாது. தயிரை 75-இலிருந்து 150 ஆக்கி, பருப்பைப் பத்து கிராம் கூட்டினோம். பத்தியத்தோடு விரதத்தை மோத விடக்கூடாது. மோதினால் தோற்பது பெரும்பாலும் பத்தியம்தான்.

தொடர்ந்து பார்த்ததில்

எட்டாம் நாள் பொட்டாசியம் 5.2. டெல்மிசார்டன் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்கப்பட்டது. இதை நான் பெரிய வெற்றியாக நினைக்கிறேன். பொட்டாசியம் ஏறியது என்று அந்த மருந்தை நிரந்தரமாக நிறுத்திவிடுவது எளிது. ஆனால் சிறுநீரில் புரதம் ஒழுகுவதைத் தடுக்கும் மருந்துகளில் அது முக்கியமானது. இரண்டு இளநீருக்காக அதை இழக்க வேண்டியதில்லை.

மூன்றாம் மாதம் எடை 56, பொட்டாசியம் 4.9, பாஸ்பரஸ் 4.3, பைகார்பனேட் 22, ஆல்புமின் 3.7. விடிகாலை வேர்வை இல்லை. கிரியாட்டினின் 2.7, இ.ஜி.எஃப்.ஆர். 26. மகன் இந்த முறை கிரியாட்டினினைப் பார்த்து முகம் வாடினார். தசை திரும்பியிருக்கிறது தம்பி, எடையைப் பாருங்கள் என்றேன். உணவால் சிறுநீரகம் பழையபடி ஆகிவிடும் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை, இவருக்கும் சொல்லவில்லை.

ஒன்பதாம் மாதம் பாஸ்பரஸ் 5.0, யூரியா 90. வழக்கமான அளவுகளில் எந்த மாற்றமும் சொல்லவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டபோது அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். முந்தின வாரம் மாடு கன்று போட்டிருக்கிறது. சீம்பால். மூன்று நாளும் நாட்டுச் சர்க்கரை போட்டுக் கிண்டியிருக்கிறார்கள். ‘அது பால் கணக்குல வருமுங்களா?’ என்று அவர் உண்மையாகவே கேட்டார். கன்று ஈன்ற முதல் கறவையில் புரதம் சாதாரணப் பாலைப் போல நான்கு மடங்கு வரை இருக்கும், தாதுவும் கூடுதல். அந்த வாரத்திலேயே இரத்தம் கொடுத்ததால் எண் காட்டிக்கொடுத்தது. நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் சீம்பால் என்ற சொல்லே இல்லை. மாடு வளர்க்கும் வீடு என்று தெரிந்திருந்தும் எழுதாமல் விட்டது என் தவறு. இப்போது கறவை வைத்திருக்கும் எல்லோருக்கும் அதைத் தனியாகக் கேட்கிறேன். அடுத்த மாதம் பாஸ்பரஸ் 4.4.

இந்தக் கணக்கு யாருக்குப் பொருந்தாது

சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுப் பாலை நிறுத்த வேண்டாம். ‘கிட்னி பிரச்சினை’ என்ற ஒரே சொல்லில் ஊரில் எல்லாம் கலந்துவிடுகிறது. ஆக்சலேட் கல்லுக்குச் சாப்பாட்டோடு சேரும் கால்சியம் நல்லது, ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின் முதல் சில மாதங்களில் பலருக்குப் பாஸ்பரஸ் குறைந்துவிடும், அப்போது பாலைக் கூட்டச் சொல்வதும் உண்டு. முதல், இரண்டாம் நிலையில் இருப்பவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் சரியாக இருந்தால் பாலைப் பற்றி இத்தனை கணக்கு வேண்டியதில்லை. குழந்தைகளின் கணக்கு முற்றிலும் வேறு. வளரும் உடம்புக்குப் பெரியவர் அளவைக் கொடுக்கவே கூடாது.

பதினான்காம் மாதம், சென்ற முறை வந்தபோது, கிரியாட்டினின் 3.1, இ.ஜி.எஃப்.ஆர். 22. எடை 56.5-இல் நிற்கிறது. பொட்டாசியம் 5.0. இடது கையில் இனி இரத்தம் எடுக்கவோ ஊசி போடவோ விட வேண்டாம், அந்தக் கையின் இரத்தக் குழாய் பின்னால் டயாலிசிஸுக்குத் தேவைப்படலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்த நாள் வந்தால் புரதத் தேவை கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராமாக ஏறும், குடிக்கும் நீருக்குக் கட்டுப்பாடு வரும், பாலின் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். அதையும் சொல்லி வைத்தேன்.

பேர் வெட்டிய டம்ளர் இப்போது அரிசிப் பானையில் அளவுக்குக் கிடக்கிறதாம். இரவுப் பாலுக்குப் பேரனுடைய சின்ன டம்ளர். அந்த அம்மா அதையும் மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தோம். விளிம்பு வரைக்கும் 110. கழுத்தில் ஒரு வளையம் ஓடுகிறதே, அதோடு நிறுத்தினால் 100.